சிறுவாச்சூரில் தாவிய வண்டி

இடது கை கியர்பாக்ஸுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தது. விரல்நுனி முதலில் ஒயர்க் கட்டைத் தொட்டது. அப்புறம் தண்ணீர்க் குழாயை. அதற்கும் கீழே போனால் போல்ட்டின் தலை. வலது கை ஸ்பேனரை அந்த விரலின் மேலேயே சறுக்கிக்கொண்டு போய்ப் பொருத்தியது. கால் சுற்றுக்கு மேல் திருப்ப இடமில்லை. கால் சுற்று திருப்பி, எடுத்து, மறுபடி பொருத்தி, இன்னொரு கால் சுற்று. கடைசி போல்ட் கையோடு வந்ததும், மேலே தொங்கிய செயின் பிளாக்கின் சங்கிலியைக் கைகள் மாற்றி மாற்றி இழுத்தன. எஞ்சின் அசைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காரிலிருந்து மெல்ல எழும்பியது.

அதை அந்தக் காருக்குள் இறக்கியதும் இதே கைகள்தான். இறக்குவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. வெளியே எடுக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் வீரமணி. வயது நாற்பத்தேழு. பெரம்பலூரில் அரியலூர் ரோட்டில் தகரம் வேய்ந்த ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பிறந்தது தா.பழூர் பக்கம். அப்பா பெயர் பாவாடை; பிறத்தியார் வயலில் நாற்றுப் பறித்து, அறுப்பறுத்துப் பிழைத்தவர். வீரமணி பதினேழு வயதில் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தார். சுண்ணாம்புக் கல் ஏற்றும் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. பிரித்த சாமானைப் பிரித்த வரிசையிலேயே சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு, அந்த வரிசையைப் பின்னாலிருந்து முன்னால் படித்துத்தான் அவர் தொழில் கற்றார். கார்களுக்கு வந்த பிறகும் அப்படியே. கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வந்தபோது, ஒயரிங் படங்களை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு ஒயராக விரல் வைத்துப் போனார். ஒரு நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதோ, அதைவிட ஒரு மயிரிழை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஊரில் அவருக்கு அந்தப் பெயர் இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

லப்பைக்குடிக்காடு காதர் பாட்சா ஷார்ஜாவில் ஒரு உதிரிபாகக் கடையை நிர்வகிப்பவர். வருடத்தில் பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. வீட்டில் ஒரு சாம்பல் நிறக் கார் இருந்தது. டிக்கி வைத்த, சாதாரணக் குடும்பக் கார். ஒன்பது வருடப் பழசு. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், எழுபத்தைந்து குதிரைத்திறன். அதை ஓட்டுவது அவர் மனைவி நஜீமா. மகள் பெனாசிரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, கல்யாணம் காரியம் எல்லாம் அந்தக் காரில்தான். ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுவருவதும் நஜீமாதான். “மேட்டுல ஏறயில மட்டும் ஒரு கிர்ருனு சத்தம் வருதுண்ணே, எறக்கத்துல இல்ல” என்று துல்லியமாகச் சொல்லுவார். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் தன் வாடிக்கையில் நாலு பேர்கூட இல்லை என்று வீரமணி மனைவி சுமதியிடம் சொன்னதுண்டு.

காதர் பாட்சா லீவுக்கு வருவதற்கு நாலைந்து மாதம் முன்பு, அவசரமாக ஒரு வாரம் வந்துபோனார். வரும்போதே சென்னைப் பழைய இரும்புக் கடையில் ஓர் எஞ்சினைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார். அதே கம்பெனி தயாரிக்கும் பெரிய காரின் எஞ்சின். பின்பக்கம் அடிபட்டு நொறுங்கிய வண்டி, எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. நான்கு சிலிண்டர், டர்போ, நூற்றெண்பது குதிரை.

“வெளிய பாத்தா ஒரு மாத்தமும் தெரியக் கூடாது வீரமணி. வூட்டு வண்டி வூட்டு வண்டி மாதிரியே இருக்கணும். ஹைவேஸ்ல பெரிய வண்டிக்காரன் எவனாச்சும் லைட்ட அடிச்சுக்கிட்டே பின்னாடி வருவான்ல? அவன் மூஞ்சியக் கண்ணாடியில பாக்கணும். அவ்வளவுதான் நம்ம ஆசை.”

“ஆர்சி புக்குல எஞ்சின் நம்பர் மாத்தணும் பாய். ஆர்டிஓ ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க.”

“அதெல்லாம் பெறகு. மொதல்ல உள்ள ஒக்காருதான்னு பாருங்க. திருச்சியில ரெண்டு பேரு பாத்துட்டு முடியாதுன்னுட்டாங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் வீரமணி மாட்டேன் என்று சொல்லியிருப்பார். சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போதும் நம்ப விரும்புகிறார்.

நான்கு மாதம் நஜீமா பஸ்ஸில் போனார். வீரமணி எஞ்சினைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட்டுகளை அட்டையில் வெட்டிப் பார்த்து, அப்புறம் தகட்டில் வெட்டி, மூன்று முறை தூக்கி எறிந்துவிட்டு நாலாவதை வைத்தார். பெரிய காரின் பிரேக்குகளையே முன்சக்கரத்தில் மாட்டினார். ரேடியேட்டரை மாற்றினார். கோயம்புத்தூரிலிருந்து லேப்டாப்போடு ஒருவர் வந்து எஞ்சினின் கம்ப்யூட்டரைக் காருக்கு ஒத்துப்போகச் செய்தார். ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் இரண்டு ராடுகளில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. திடீரென்று முழுச் சக்தியும் வந்தால் ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டார்.

முதல்முறை ஓட்டிப் பார்த்த அன்று, அரியலூர் ரோட்டில் சிமெண்டு லாரிகள் மூன்றை ஒரே மூச்சில் தாண்டினார். மிதித்ததும் ஒரு விநாடி ஒன்றும் நடக்காது. அப்புறம் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல எல்லாம் ஒன்றாக வரும். ஓரமாக நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தார். தா.பழூரில் கூலிக்காரன் மகனாகப் பிறந்தவன் செய்த வேலை இது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பாய் யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருந்தார். சுமதியிடம் மட்டும் சொன்னார்.

“நல்லாருக்கு. அந்தக்கா ஓட்டுமா அத?” என்று சுமதி கேட்டார்.

“பாய் ஓட்டுவாரு.”

“பாய் ரெண்டு மாசம் ஓட்டுவாரு. மிச்ச பத்து மாசம்?”



காதர் பாட்சா லீவுக்கு வந்ததும், வண்டியை எடுத்துப்போக நஜீமாவையும் பெனாசிரையும் கூட்டிக்கொண்டு வந்தார். காதர் பாட்சா ஓட்ட, வீரமணி பக்கத்தில் உட்கார்ந்து ஆறு கிலோமீட்டர் போய்த் திரும்பினார்கள். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடிக்கச் சொன்னதும், ஒரு விநாடி தாமதத்தைப் பற்றிச் சொன்னதும் காதர் பாட்சாவிடம்தான். திரும்பி வந்தபோது நஜீமா பெனாசிருக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிழலில் நின்றார்.

“என்னண்ணே பண்ணிருக்கீங்க இத்தன நாளு? ஓட்டுறதுல எதுவும் மாத்தம் உண்டா?”

வீரமணி வாயைத் திறப்பதற்குள் காதர் பாட்சா முந்திக்கொண்டார். “எஞ்சின் சிலிண்டரக் கடஞ்சு போர் பண்ணிப் புதுசாக்கியிருக்காரு. எப்பயும் போல ஓட்ட வேண்டியதுதான்.”

நஜீமா கணவனைப் பார்க்கவில்லை. வீரமணியைத்தான் பார்த்தார். வீரமணி தலையாட்டினார்.

லீவு முழுக்கக் காதர் பாட்சாவே ஓட்டினார். திரும்பிப் போகும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. திருச்சி விமான நிலையம் வரை அவர் ஓட்டினார். அங்கிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தது நஜீமா. நான்குவழிச் சாலையில் ஒரே சீராக எழுபதில் வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பெனாசிருக்குத் தாகம். சிறுவாச்சூரில் பக்கத்துச் சாலையில் இறங்கித் தண்ணீர் வாங்கினார். அங்கே காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அதனால் சாலையோரம் முழுக்கத் தேங்காய், எலுமிச்சம்பழக் கடைகள். கிளம்பும்போது முன்னால் ஒரு வேகத்தடை. பழைய எஞ்சின், ஏசி ஓடிக்கொண்டிருந்தால் வேகத்தடையில் முனகி நின்றுவிடும். ஒன்பது வருடமாக நஜீமாவின் கால் அந்த இடத்தில் ஆழ மிதிக்கப் பழகியிருந்தது. மிதித்தார். வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தார்.

வண்டி வேகத்தடையைத் தாவி இடது பக்கம் பாய்ந்து கலியம்மாளின் தேங்காய்க் கடைக்குள் போயிற்று. கலியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது, பத்து வருடமாக அதே இடத்தில் கடை. இடது கணுக்காலில் எலும்பு இரண்டாக உடைந்தது.

விபத்தான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றது. பானெட்டைத் திறந்து காட்டுவதற்கு வீரமணியைக் கூப்பிட்டிருந்தார்கள். வளைந்த பானெட்டை நெம்பித் திறந்தவர் அவர்தான். எஞ்சின்மேல் அதே கம்பெனி முத்திரை போட்ட கறுப்பு மூடி. ஆய்வாளர் படிவத்தில் கேட்டதையெல்லாம் ஒழுங்காகப் பார்த்தார். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் திரும்புகிறதா, டயர் நன்றாக இருக்கிறதா. எஞ்சின் நம்பரைக் காட்டச் சொல்லவில்லை. எல்லாம் நன்றாக இருந்தன. “இயந்திரக் கோளாறு எதுவுமில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காதர் பாட்சாவின் தம்பி உபைத் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்ப வண்டியில கோளாறு இல்ல. மதினி கால்லதான்.”

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். நஜீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி, “பிரேக்குன்னு நெனச்சுதான் மாத்தி மிதிச்சுட்டேன் போல” என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. வீரமணியும் சிரித்திருந்தார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான். ஆனால் சிரித்தார்.

ஷார்ஜாவிலிருந்து அன்று சாயங்காலமே போன் வந்தது.

“ஒண்ணும் பேசிக்காதீங்க வீரமணி. எஞ்சின் மாத்துனது தெரிஞ்சா இன்சூரன்சும் போயிரும், ஒங்களுக்கும் பிரச்சினை. முன்பக்கத்த டிங்கரிங் பாத்து வூட்ல கொண்டுபோய் நிறுத்திருங்க. அவ இனிமே ஓட்ட மாட்டேன்னுட்டா. நான் வரயில ஓட்டிக்கிறேன்.”

“சரி பாய்.”

முன்பக்கம் தட்டி, பெயிண்ட் அடித்து, காரை ஷெட்டின் ஒரு மூலையில் நிறுத்தினார். லப்பைக்குடிக்காட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. டீக்கடையில் பேச்சு எழும்போது காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் நஜீமா பெனாசிரோடு பழைய பஸ் நிலையத்தில் நிற்பதைப் பார்த்தார். ஒரு கையில் ஆஸ்பத்திரிப் பை, மறு கையில் மாமியார். வீரமணி பைக்கைத் திருப்பி வேறு தெரு வழியாகப் போனார்.

அவரை அறுத்தது லாரி ஷெட்டின் வழக்கம்தான். அங்கே முதலாளி ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர். வேலை முடிந்த லாரியின் சாவியை முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். டிரைவர் வர வேண்டும், மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சாவி. கிளச் தட்டு ஒன்று மாற்றினாலே அப்படி. முப்பது வருடத்தில் வீரமணி இதை ஒருமுறையும் தவறவிட்டதில்லை. இந்தக் காரிலும் தவறவிடவில்லை என்றே அவர் நினைத்திருந்தார். ஓர் ஆம்பளை வந்து நின்றதும் அவர்தான் டிரைவர் என்று கையும் வாயும் முடிவு செய்துவிட்டன. ஒன்பது வருடமாக யார் ஓட்டி வந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தும்.

ஒரு திங்கட்கிழமை சிறுவாச்சூர் போனார். கலியம்மாள் கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். வீரமணி ஒரு தேங்காய் வாங்கினார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“காலு அப்புடியேதான் கெடக்கு. அந்த பாய் வூட்டுப் பொண்ணுதான் ரெண்டு தரம் வந்து அழுதுட்டுப் போச்சு. ‘அழுவாத தாயி, நீ எங்க பாஞ்ச, வண்டில்ல பாஞ்சுது’ன்னேன். நான் எதுத்தாப்புலதான ஒக்காந்திருந்தேன்? அது கண்ணு ரோட்டுலதான் இருந்துச்சு, கையி ரெண்டும் ஸ்டேரிங்கப் புடிச்சு இழுக்குது. கேக்குதா அந்த வண்டி?” பேசிக்கொண்டே சில்லறையை எண்ணிக் கொடுத்தார். “நீங்க யாரு, அந்தப் பொண்ணுக்கு ஒறவா?”

“இல்லீங்க. வண்டி வேல பாக்குறவன்.”

“அப்புடியா. அப்ப அந்த வண்டியக் கேட்டுச் சொல்லுங்க, எம்மேல அதுக்கு என்ன கோவம்னு.”

வீரமணி தேங்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். பைக் லப்பைக்குடிக்காட்டுக்குப் போயிற்று.

நஜீமா கூடத்தில் நாற்காலி எடுத்துப் போட்டார். “ஒக்காருங்கண்ணே. டீ போடுறேன்.”

“வேண்டாம்மா. நின்னுக்கிறேன்.” அப்புறம் சொன்னார்: “அது ஒங்க கால் தப்பு இல்ல. வண்டியில இருக்கது ஒங்க எஞ்சின் இல்ல.”

“போர் பண்ணதுன்னாங்களே.”

“போர் பண்ணல. வேற எஞ்சின். பழசு எழுவத்தஞ்சு குதிர. இது நூத்தியெம்பது. பாய் கேட்டாரு, நான் வச்சேன்.”

நஜீமா உடனே கோபப்படவில்லை. ஆயில் மாற்ற வரும்போது கேட்பது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“மிதிச்சோன ஒண்ணும் வரலயே?”

“ஒரு செகண்டு வராது.”

“அதான் நான் இன்னும் மிதிச்சேன்.”

“யாராருந்தாலும் மிதிப்பாங்க.”

“பெறகு எடது பக்கம் இழுத்தது?”

“அதுவும் நான் விட்ட கொறதான்.”

“இதெல்லாம் பெனாசிர் அத்தாவுக்குத் தெரியுமா?”

“பாய்க்குத் தெரியும்.”

நஜீமா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். “முப்பத்தெட்டு நாளா என் காலப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கேண்ணே. இந்தக் காலு எனக்குத் தெரியாம எப்புடி மாத்தி மிதிச்சுதுன்னு. தொழுகையில நிக்கிறப்பகூட அதான் நெனப்பு.” குரல் உயரவில்லை. “அன்னிக்கி ஒங்கள்ட்ட கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

“தலையாட்டுனீங்க.”

“ஆமாம்மா.”

“அவங்க சொன்னத நான் நம்பல. நீங்க ஆட்டுனதத்தான் நம்புனேன்.”

முதலில் போட்ட நாற்காலியில் இப்போது போய் உட்கார வீரமணிக்குக் கூசியது.

“ஆர்சி யார் பேருல இருக்கு?” என்று நஜீமா கேட்டார்.

“ஒங்க பேருல.”

“அப்ப நான் சொல்றேன். அத எடுத்துருங்க. என் எஞ்சின வைங்க. அவங்கள்ட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஸ்டேஷன்ல போய் இத எழுதிக் குடுங்க. உபைத்து கூட இருக்கட்டும். அந்தக் கலியம்மாள்ட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா, தப்பிக்கச் சொல்றேன்னு நெனச்சுரும்.”

ஸ்டேஷனில் எழுத்தர் காகிதத்தைப் படித்துவிட்டு, “ஏன்யா, ஓஞ்சு போனத நீயா வந்து கெளப்புற? ஆர்டிஓ ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வரும், தெரியும்ல?” என்றார். தெரியும் என்றார் வீரமணி. உபைத் பக்கத்தில் நின்றார். கலியம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, “கோழிக் கூண்டுல கொண்டுபோயி எருமையக் கட்டிருக்க” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஷார்ஜாவிலிருந்து வந்த போனில் காதர் பாட்சா நிறையத் திட்டினார். அது ஒன்றும் செய்யவில்லை.

வெளியே எடுத்த பெரிய எஞ்சின் மரக்கட்டைகளின் மேல் நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய எஞ்சினை வீரமணி மேஜையில் ஏற்றி, சீல், பெல்ட் எல்லாம் புதிதாகப் போட்டார். வெட்டிய ஒயர்களை ஒவ்வொன்றாகப் பழைய நிறத்தோடு சேர்த்துப் பற்றவைத்தார். பெரிய எஞ்சினின் பிராக்கெட் இருந்த இடங்களைத் தேய்த்து, துரு ஏறாமல் பெயிண்ட் அடித்தார். பதினோரு நாள் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் மதியம் நஜீமா பஸ்ஸில் வந்து இறங்கினார். கூட யாரும் வரவில்லை. முதலில் காருக்குள் ஏறவில்லை. கைப்பையிலிருந்து ஆர்சியை எடுத்தார்.

“பானெட்டத் தெறங்கண்ணே. நம்பர் எங்க இருக்கு?”

வீரமணி குனிந்து துணியால் அந்த இடத்தைத் துடைத்துக் காட்டினார். நஜீமா போன் வெளிச்சத்தை அடித்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பார்த்து முடித்து, முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார். வீரமணி துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். தன் வேலையை ஒருவர் இப்படிச் சரிபார்ப்பது அவருக்கு இதுவே முதல்முறை.

“ஏறுங்க” என்றார் நஜீமா.

வண்டி ஷெட் வாசலிலேயே நின்றுபோயிற்று. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. நஜீமாவின் செருப்பு ஆக்சிலேட்டரைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை.

“மிதிக்கலாம்மா. பழசுதான்.”

“தெரியும். காலுக்குத்தான் தெரியல.”

மூன்றாவது தடவை கிளம்பிற்று. அரியலூர் ரோட்டில் இரண்டாவது கியரிலேயே போனார்கள். பின்னால் சிமெண்டு லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடி வந்தார். வேகத்தடைக்கு வெகுதூரம் முன்பே நஜீமா ஏசியை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், வண்டியை ஏறக்குறைய நிறுத்திவிட்டு ஏற்றினார். நெற்றியில் வேர்வை வழிந்தது. நன்றாக மிதியுங்கள் என்று சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்பது வீரமணிக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கிலோமீட்டரில் திரும்பினார்கள்.

ஷெட் வாசலில் எஞ்சினை அணைக்காமலே நஜீமா சொன்னார்: “எறங்கிக்குங்கண்ணே. நான் அப்புடியே போறேன். பெனாசிருக்கு மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் வுடுவாங்க.”

வீரமணி இறங்கி, ஓட்டுபவர் பக்கம் சுற்றி வந்தார். முதலில் வேலைக்கு விட்டபோது காதர் பாட்சா தன்னிடம் கொடுத்திருந்த இன்னொரு சாவியையும், தான் எழுதிக் கொடுத்த காகிதத்தின் ஸ்டேஷன் முத்திரை வைத்த நகலையும் திறந்த கண்ணாடி வழியாக நீட்டினார். நஜீமா காகிதத்தைப் பிரித்து, தவறு தன் மேல் இல்லை என்று தன் பெயரோடு எழுதியிருந்த வரியை மட்டும் படித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அப்புறம் சாவிக்காகக் கையை நீட்டினார். வீரமணி கொடுத்தார்.